குரல்வளையைக் கண்ணாடியிற் கண்ட இசையாசான்

எழுத்துக்களின் பிறப்பைக் கற்பிக்கப் புகும் தமிழாசிரியர், தம் மிடற்றின்மேற் கைவைத்துக் காட்டாமல் அப்பாடத்தை நடத்தி முடித்தல் அரிது. உந்தியினின்று எழுகின்ற காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிலால் வேறுவேறு எழுத்தொலியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கருத்து. உயிரெழுத்துப் பன்னிரண்டும் மிடற்றிற் பிறந்த வளியால் ஒலிப்பன என்றும் அவ்வியல் தெளிவாகக் கூறுகின்றது. செவியையும் மூச்சையும் கூர்ந்து நோக்கியே நம் முன்னோர் இத்துணையும் அறிந்தனர் என்பது எண்ணுந்தோறும் வியப்பைத் தருவதாகும்.

ஆயினும் அம்மிடற்றினுள்ளே நிகழ்வது யாது? உயிருள்ள மனிதன் பேசும்போதும் பாடும்போதும் அவ்விடம் எவ்வாறு இயங்குகின்றது? இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் குரல்வளையின் குருத்தெலும்புகளையும் தசைகளையும் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் அவ்வுறுப்புத் தன் தொழிலைச் செய்யுங்கால் அதனைத் தெளிவுறக் காண அவர்களால் இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் சிலர் குழாய்களும் கண்ணாடிகளும் கொண்டு முயன்றனர், அம்முயற்சிகள் நிலைபெறவில்லை. 1854 ஆம் ஆண்டிலே அக்காட்சியைக் கண்டு, கண்டவாறே உலகிற்கு எடுத்துரைத்தவர் மருத்துவரல்லர். பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர். மனுவேல் கார்சியா என்னும் அப்பெரியாரின் வரலாற்றைச் சிறிது கூற விரும்புகின்றேன். குரலையே கருவியாகக் கொண்டு வாழும் ஆசிரியர் உலகம் அவரை அறிந்திருத்தல் நன்று.

இசைக் குடும்பம்

கார்சியா 1805 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17 ஆந் திகதி ஸ்பெயின் நாட்டிற் பிறந்தார். அவர் தந்தையாரும் அதே பெயரினர். ஐரோப்பா எங்கும் புகழ்பெற்ற இசைநாடகப் பாடகர். இத்தாலிய இசைப்புலவர் றொசினி 1816 இல் உரோமாபுரியில் அரங்கேற்றிய செவிலியா நகர நாவிதன் கதையிலே தலைமகனாகிய அல்மவீவாப் பிரபுவின் பாத்திரம் அத்தந்தையாரின் குரலுக்கென்றே அமைக்கப்பட்டதாகும். அவர் பிள்ளைகள் மூவரும் இசையாற் பெயர் பெற்றனர். மூத்த மகள் மரியா மலிபிரான் தம் காலத்து மேடைகளையெல்லாம் ஆட்கொண்டு, குதிரையினின்று வீழ்ந்த காயத்தின் பின்விளைவால் 1836 இல் இருபத்தெட்டு வயதிலேயே மறைந்தார். இளையவர் பவுலின் வியார்தோ நெடுங்காலம் வாழ்ந்து பாடகியாகவும் ஆசிரியையாகவும் விளங்கினார். இவ்விருவருக்கும் தமையன் நம் கார்சியா.

தந்தையார் கண்டிப்பு மிக்க ஆசான். பிள்ளைகளென்று இரங்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அத்தகையவர் 1825 இல் தம் குடும்பத்தாரையும் வேறு சில பாடகரையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி நியூயோர்க் நகரை அடைந்தார். இத்தாலிய இசைநாடகத்தை அமெரிக்க மண்ணில் முதன்முதல் நடத்திக் காட்டிய குழு அதுவே. அப்பொழுது மகனுக்கு வயது இருபது. நாவிதனாகிய பிகாரோவின் பாத்திரத்தை ஏற்று அவர் பாடினார்.

முதிராத குரலுக்கு அவ்வுழைப்பு மிகையாயிற்று. ஒத்திகை, மேடை, மீண்டும் ஒத்திகை என்று ஓய்வின்றி உழைத்த தொண்டை தளர்ந்தது. ஐரோப்பாவுக்கு மீண்ட பின்பும் குரல் பழைய நிலைக்கு வரவில்லை. பாடகர் குடும்பத்திற் பிறந்து, பாடுதற்கென்றே வளர்க்கப்பட்டு, இருபத்தைந்து வயது நிரம்புமுன் மேடையைத் துறக்க வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. வேறொருவராயின் தம் ஊழை நொந்து காலங் கழித்திருப்பர். கார்சியாவோ தம் குரல் ஏன் கெட்டது என்று ஆராயத் தலைப்பட்டார்.

ஆராய்ச்சி

1830 இல் பிரெஞ்சுப் படையொன்று அல்சீரியா நோக்கிப் புறப்பட்டபோது அவரும் உடன் சென்றார். திரும்பிவந்து பாரிசு மாநகரிலே படையினருக்குரிய வைத்தியசாலைகளில் தொண்டாற்றினார். அங்கேதான் அவருக்குக் குரல்வளையின் அமைப்பைக் கற்கும் வாய்ப்புக் கிட்டியது. ஆடு, மாடு, கோழி முதலியவற்றின் குரல்வளைகளையும் வாங்கிவந்து, துருத்தியால் அவற்றுட் காற்றை ஊதி, எழுகின்ற ஒலியைக் கேட்டு ஆராய்ந்தார் என்பர்.

இவ்வாறு கற்றவற்றைத் தொகுத்து 1840 இல் மனிதக் குரலைப் பற்றிய கட்டுரையொன்றைப் பிரெஞ்சு அறிவியற் கழகத்திற்கு அளித்தார். அதிலே நம் இலக்கண மாணவருக்குப் பயன்படும் செய்தியொன்று உண்டு. மேலைநாட்டுப் பாடகர் கீழ்க்குரலை நெஞ்சுக்குரல் என்றும் மேற்குரலைத் தலைக்குரல் என்றும் வழங்கிவந்தனர். நம் இசைமரபிலும் மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று நிலைகளை நெஞ்சு, மிடறு, தலை என்னும் மூன்றிடத்தோடு பொருத்திக் கூறுதல் உண்டு. கார்சியாவின் கொள்கை யாதெனின், ஒலி பிறக்கும் இடம் எல்லா நிலையிலும் குரல்வளை ஒன்றே. அதன் இயக்கம் மாறுந்தோறும் குரலின் வகை மாறுகின்றது. நெஞ்சும் தலையும் அவ்வொலியின் அதிர்வைப் பாடுவோர் உணரும் இடங்கள் என்பதாம். இதனால் முன்னோர் கூற்று இழுக்குடையது என்று கொள்ளல் வேண்டா. உணருமிடத்தை வைத்து அவர்கள் வகுத்தார்கள். பிறக்குமிடத்தை வைத்து இவர் வகுத்தார்.

ஜென்னி லிண்டின் தொண்டை

கார்சியாவின் கல்வி ஏட்டளவில் நில்லாமல் நோய் தீர்க்கவும் உதவியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1841 இல் சுவீடன் நாட்டிலிருந்து இருபது வயதுப் பாடகி ஒருவர் அவரை நாடி வந்தார். பெயர் ஜென்னி லிண்ட். இளமையிலேயே ஓயாது மேடையேறியதால் அவர் குரல் களைத்துக் கரகரத்துப் போயிருந்தது. கார்சியா அவரைப் பாடச் செய்து கேட்டார். கற்பிப்பதற்குக் குரலே எஞ்சவில்லை என்று கண்டார். ஆயினும் அவரை முற்றாகக் கைவிட்டாரல்லர். ஆறு வாரம் பாடுதல் கூடாது. பேசுதலையும் இயன்றவரை தவிர்த்தல் வேண்டும். அதன்பின் வந்து காணுக என்று பணித்தார்.

அப்பெண் அவ்வாறே மௌனங் காத்து மீண்டும் வந்தார். தொண்டை சிறிது தேறியிருந்தது. மூச்சை எவ்வாறு அடக்கி விடுவது, குரல்வளையை வருத்தாமல் ஒலியை எவ்வாறு எழுப்புவது என்பவற்றை அடியிலிருந்து பயிற்றினார். ஏறத்தாழப் பத்து மாதம் பயிற்சி நடந்தது. பின்னர் அப்பாடகி சுவீடன் நாட்டு இராக்குயில் என ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொண்டாடும் நிலையை அடைந்தார். எந்தத் துன்பம் இளமையில் தம் குரலைக் கெடுத்ததோ அதே துன்பத்தினின்று மாணவி ஒருவரை மீட்டமை கார்சியாவின் வாழ்விற் சிறந்த செயல்களுள் ஒன்று என்பது என் எண்ணம்.

1848 இல் பிரான்சிலே அரசியற் குழப்பம் மூண்டபோது அவர் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அரச இசைக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். தொண்ணூறு வயதில், 1895 இல், ஓய்வு பெறும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

இரு கண்ணாடிகள்

இத்துணையும் கற்றும் அவருக்கு ஒரு குறை இருந்தது. பாடும் குரல்வளையை நேரிற் காண முடியவில்லை. 1854 செப்டெம்பரில் விடுமுறைக்குப் பாரிசு சென்றிருந்தார். பலே றோயல் என்னும் அரண்மனை வளாகத்தில் உலாவிக்கொண்டிருக்கையில், கண்ணாடிகளின் வழியாக ஒளியை வளைத்துத் தொண்டைக்குள் செலுத்தலாமே என்னும் எண்ணம் அவருக்குத் திடீரென உதித்தது. நேரே சரியேர் என்னும் மருத்துவக் கருவி வணிகரின் கடைக்குச் சென்றார். நீண்ட காம்புடைய சிறு பல்மருத்துவக் கண்ணாடியொன்று அங்கே விலைபோகாமற் கிடந்தது. ஆறு பிராங்கு கொடுத்து அதனை வாங்கினார். கைக்கண்ணாடி ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

செய்முறை எளியது. சிறு கண்ணாடியை வெந்நீரில் இட்டுச் சூடாக்கினார். மூச்சின் ஆவி படிந்து மங்காமலிருத்தற்கு அது வேண்டும். பின்பு ஈரந் துடைத்து, உண்ணாக்கின்மேற் சாய்த்து வைத்தார். மற்றக் கையிலிருந்த கண்ணாடியாற் கதிரவன் ஒளியை அதன்மேல் வீழ்த்தினார். அவ்வொளி கீழ்நோக்கித் திரும்பிக் குரல்வளையில் விழுந்தது. அங்கிருந்து மீண்ட உருவம் கைக்கண்ணாடியிலே தெரிந்தது. அகலத் திறந்திருந்த தம் குரல்வாயையும் அதன்கீழ் மூச்சுக்குழாயின் ஒரு பகுதியையும் அவர் கண்டார். இவ்வாறு தொண்டையிற் பிறபொருள் படும்போது பலருக்கும் குமட்டல் எழும். நெடுநாட் பயிற்சியுடைய அவர் தொண்டை அதனைப் பொறுத்துக்கொண்டது அவருடைய நற்பேறு.

கண்டவற்றை ஒழுங்குபடுத்தி எழுதிய கட்டுரை 1855 மே 24 இல் இலண்டன் அரச அறிவியற் சங்கத்திற் படிக்கப்பட்டது. மூச்சு விடும்போது குரல் நாண்கள் விலகி நிற்கின்றன. ஒலி எழுப்பக் கருதியவுடன் அவை ஒன்றையொன்று நெருங்கி வழியை அடைக்கின்றன. கீழிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கின்றது. அவை மீண்டும் மூடுகின்றன. இவ்வாறு காற்றுத் துண்டு துண்டாக வெளிப்படுதலே குரலொலிக்குக் காரணம் என்றார். யாழின் நரம்பு மீட்டப்பட்டு அதிர்வதுபோல அன்று என்பதை இதனால் அறிகின்றோம். இத்திறப்பும் மூடலும் பேசும் ஆடவர் குரலில் விநாடிக்கு ஏறத்தாழ நூற்றுக்குச் சற்று மேலும், மகளிர் குரலில் இருநூறு அளவினும் நிகழ்கின்றன எனப் பிற்கால ஆராய்ச்சி அளந்துள்ளது. மிடற்றிற் பிறந்த வளி என நம் ஆசிரியர் சுருங்கச் சொன்னதன் உள்ளீடு இதுவே என்று மாணவர்க்குக் கூறுவது என் வழக்கம்.

மருத்துவர் கைக்கு

மருத்துவ உலகம் முதலில் இதனைப் பெரிதாகக் கருதவில்லை. பாட்டு வாத்தியாரின் விளையாட்டுப் பொருள் என்றே பலரும் எண்ணினர் போலும். 1857 கோடையில் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையிலே உலூட்விக் தூர்க் என்னும் மருத்துவர் சிறு கண்ணாடிகளைக் கொண்டு நோயாளரின் குரல்வளையை ஆராயத் தொடங்கினார். குளிர்காலம் வந்து கதிரவன் மறைந்ததும் அவர் பணி தடைப்பட்டது. அப்பொழுது யோகான் செர்மாக் என்னும் பேராசிரியர் அக்கண்ணாடிகளை இரவல் வாங்கிச் சென்று, விளக்கொளியைக் குழிவாடியாற் குவித்துப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். இரவு பகல் என்ற வேறுபாடின்றித் தொண்டையைக் காணும் வழி பிறந்தது. முதன்மை எவருக்குரியது என்று அவ்விருவரிடையே நெடிய பூசல் மூண்டது. கார்சியா அப்பூசலிற் புகவில்லை. தம் மாணவருக்குப் பாட்டுக் கற்பித்துக்கொண்டிருந்தார். 1862 இல் கோனிக்சுபேர்க் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவ டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

தொண்டை நோய்க்கெனத் தனித்துறை ஒன்று இதன்பின் வளர்ந்தது. இலண்டனில் மொறெல் மக்கென்சி என்பார் 1863 இல் தொண்டை நோயாளருக்கெனத் தனி மருத்துவ நிலையம் நிறுவினார். முன்பு கரகரப்பு என்ற ஒரே சொல்லில் அடங்கிய நோய்கள் பலவாகப் பிரிந்தன. நாண்களின் மேல் எழுந்த சிறு கழலைகள், சயரோகப் புண்கள், புற்றுநோய், நரம்பு தளர்ந்து நாண் அசையாது நிற்றல் என ஒவ்வொன்றும் கண்ணாடியில் வேறுவேறு தோற்றங் காட்டின. இடப்பக்க நாணை இயக்கும் நரம்பு நெஞ்சினுள் இறங்கிப் பெருநாடியைச் சுற்றி மேலேறுவதாகலின், நெஞ்சினுள் மறைந்திருந்த வீக்கத்தையும் சிலவேளை தொண்டையைப் பார்த்தே உணர முடிந்தது.

ஆனால் கண்ணாற் காண்பது மட்டும் போதாது என்பதையும் காலம் காட்டிற்று. 1887 இல் ஜேர்மனிய இளவரசர் பிரெடரிக்கின் குரல் கம்மியது. ஜேர்மனிய மருத்துவர் புற்றுநோயென ஐயுற்று அறுவை செய்யக் கருதினர். அழைக்கப்பட்டு வந்த மக்கென்சி, தொண்டையிலிருந்து சிறு தசைத்துண்டை எடுத்துப் பேராசிரியர் விர்ச்சோவுக்கு அனுப்பினார். அதிற் புற்றுநோய் தென்படவில்லை. அறுவை நிறுத்தப்பட்டது. நோயோ புற்றுநோயாகவே முடிந்தது. 1888 மார்ச்சில் அரியணை ஏறிய மன்னர் பேச்சிழந்து, தாளில் எழுதிக் காட்டியே ஆட்சி செய்து, தொண்ணூற்றொன்பது நாளில் உயிர் துறந்தார். மருத்துவரிடையே எழுந்த வசைமொழிகள் பல ஆண்டு ஓயவில்லை.

செவியும் வகுப்பறையும்

இக்கண்ணாடி செவி நோய்க்கும் உதவியது. செர்மாக் அதனை மேல்நோக்கித் திருப்பி, உண்ணாக்கின் பின்னே மூக்கின் உட்புறத்தைக் கண்டார். நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு இறங்கும் குழாயின் வாய் அங்கேதான் உள்ளது. 1868 இல் கொப்பன்கேகன் நகரத்து வில்கெல்ம் மேயர் என்னும் மருத்துவர், சிறுவரின் மூக்கின் பின்புறத்தில் வளரும் தசைத்திரள் அக்குழாயைத் தடுத்துக் காது மந்தத்தை உண்டாக்குதலை விளக்கினார். அதனை அகற்றும் முறையையும் வகுத்தார். வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டு, கேட்ட வினாவுக்கு விடையிறாது விழிக்கும் சிறுவனை மந்தபுத்தியுடையவன் என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர் இச்செய்தியை மறத்தலாகாது. அவன் கேளாதிருப்பது நம் சொல்லைத்தான். அறிவு அவனிடம் குறைவென்பதற்கு அது சான்றன்று.

ஆசிரியர் தம் தொண்டையைப் பற்றியும் சிறிது சிந்தித்தல் வேண்டும். நான் பணியேற்ற காலத்திற் கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டப் பாடசாலைகள் பலவற்றிலே ஒரே மண்டபத்தில் நான்கைந்து வகுப்புக்கள் நடந்தன. இடையே சுவரில்லை. ஒருவர் கணக்குக் கூற, அடுத்தவர் தேவாரம் ஓத, மூன்றாமவர் இருவருக்கும் மேலாகக் கூவ வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் தகரக் கூரையின் ஓசையும் சேர்ந்துகொள்ளும். அவ்வாறு உழைத்த ஆசிரியருட் பலர் நடுவயதிலேயே குரல் தேய்ந்து போயினர். இஞ்சியும் திப்பிலியும் மிளகும் நெஞ்சுச் சளிக்கு உதவலாம். உராய்ந்து காய்த்துப்போன குரல் நாணை அவை ஆற்றமாட்டா. நாண்களின் விளிம்பிலே எழும் அச்சிறு முடிச்சுக்களுக்கு இன்றும் முதன் மருந்து ஓய்வும் முறையான குரற்பயிற்சியுமே. கார்சியா ஜென்னி லிண்டுக்குக் கொடுத்த மருந்தும் அதுவே.

கரகரப்பு மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்குமாயின் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் காணத் தயங்கலாகாது. வெற்றிலை புகையிலையும் சுருட்டும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோயைக் கொணர்வன. தொடக்கத்திற் கண்ட குரல்வளைப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாக்கத்தக்கது. வளையும் மெல்லிய குழாயும் படப்பெட்டியும் இக்காலத்தில் வந்துவிட்டன. நாண்களின் அசைவைத் திரையிலே மெதுவாக்கிக் காட்டவும் முடிகின்றது. நோயாளி அஞ்சுதற்கு அங்கே ஒன்றுமில்லை.

நூறு ஆண்டு

கார்சியா தாம் கண்டறிந்த கருவியின் பயனையெல்லாம் கண்குளிரக் காணும்வரை வாழ்ந்தார். 1905 மார்ச்சு 17 இல் அவருக்கு நூறு வயது நிரம்பியது. பல நாட்டுத் தொண்டை மருத்துவர் இலண்டனிற் கூடி அவரை வணங்கினர். ஏழாம் எட்வேர்ட் மன்னரும் ஸ்பெயின் மன்னரும் ஜேர்மனியப் பேரரசரும் விருதுகள் வழங்கினர். ஓவியர் சார்ஜன்ட் தீட்டிய அவருடைய உருவப்படமும் அன்று அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1906 யூலை 1 இல், அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவர் புகழுக்குக் காரணமாகிய கண்ணாடியின் விலை ஆறு பிராங்கு. கடையில் எவரும் வாங்காது விட்ட பொருள் அது. அதனைப் பயன்படுத்தும் அறிவோ இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் உழைப்பால் வந்தது. தம் குரலை இழந்தவர் பிறர் குரலைக் காத்தார். அவர் மாணவரும் மாணவரின் மாணவரும் உலக மேடைகளிற் பாடினர். பாட்டறியாத எளிய மக்களும் அவர் காட்டிய வழியால் நோய் நீங்கிப் பேசினர். பிறப்பியலைக் கற்பிக்கும் நம் ஆசிரியர் மிடறு என்னும் சொல்லை விளக்கும்போது கார்சியாவின் பெயரையும் ஒருமுறை சொல்லிவைத்தால், இலக்கணமும் அறிவியலும் ஒன்றையொன்று தழுவி நிற்பதை இளையோர் எளிதில் உணர்வர்.